கறுத்த பற்களும் டாக்டர்க்கா சொன்ன பொய்யும்

பெருங்களத்தூர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில்தான் அந்தச் செய்தி எனக்கு வந்தது. பள்ளி விட்டதும் பால்வாடியிலிருந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு பால் வாங்கப் போயிருந்தேன். தங்கைக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. வீட்டில் அவளைப் பாப்பா என்போம்; இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவள்தான் முதலில் பார்த்தாள். என் கையை உதறிவிட்டுச் சுவரைக் காட்டி, "டாக்டக்கா! டாக்டக்கா!" என்று குதித்தாள். டாடா காட்டினாள். போஸ்டரில் பசை இன்னும் காயவில்லை. கறுப்புக் கட்டத்துக்குள் டாக்டர் எஸ்தர் இருந்தார். மேலே கண்ணீர் அஞ்சலி என்று அச்சிட்டிருந்தது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இவள் வீட்டுக்குப் போய் அப்பா முன்னால் இந்தப் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்.

"பாப்பா, வீட்ல போய் டாக்டர்க்கான்னு சொல்லக் கூடாது. சரியா?"

"ஏன்?"

"சும்மா."

"டாக்டக்கா ஏன் செவுத்துல இருக்காங்க?"

"போட்டோ எடுத்து ஒட்டியிருக்காங்க."

"நல்லாவே இல்ல. பல்லு காட்டல," என்றாள் பாப்பா.

உண்மைதான். அந்தப் படத்தில் டாக்டர்க்கா வாயை மூடிக்கொண்டு அடக்கமாகச் சிரித்தார். அவரை அறிந்த நீங்கள் யாரும் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள். இடது பக்கத் தெத்துப்பல் முழுவதும் வெளியே தெரியச் சிரிக்கிறவர் அவர். "பல் டாக்டருக்கே தெத்துப்பல்லா?" என்று யாராவது கேட்டால், "சமையல்காரர் வீட்ல ஓட்டல் சாப்பாடு" என்பார்.

மறுநாள் டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சிட்லபாக்கம் ஏரிக்கு அருகில் இருக்கும் அவருடைய கிளினிக்குக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உதவியாளர் செல்வி அக்கா உள்ளே தரையில் உட்கார்ந்து கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனி யாருக்கும் அவை தேவையில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டிருந்தார். "காய்ச்சல்தான் செல்வின்னு சொல்லிக்கினே வேலை பாத்தாங்கம்மா. நான் போங்க போங்கன்னு சொன்னேன். கேட்டாங்களா? ஆஸ்பத்திரியில சேத்தப்ப டெங்குன்னாங்க, ரத்தத்துல தட்டணு ரொம்பக் கொறஞ்சுபோச்சாம். முப்பத்தஞ்சு வயசு எல்லாம் ஒரு வயசா?" என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கிளினிக் வாசலில் நாற்காலி போட்டு, அவரிடம் பிள்ளைகளைக் காட்டியவர்கள் ஒன்றுகூடப் போவதாகச் சொன்னார். "நீ எங்கே வரப்போறே. எழுதிக் குடு. பேர் போட வேணாம்."

அதனால்தான் எழுதுகிறேன். அப்பா ஓசூர் டிரிப்பில் இருக்கிறார். அம்மாவும் பாப்பாவும் தூங்குகிறார்கள். போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னியுங்கள்.

டாக்டர்க்காவை நான் முதலில் பார்த்தது பீர்க்கன்கரணையில் எங்கள் பால்வாடியில். மாதத்தில் ஒரு நாள் அவர் அங்கே வந்து பிள்ளைகளின் வாயைப் பார்ப்பது வழக்கம். நான் பாப்பாவை அழைக்கப் போனபோது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது.

"நீ யாரு, இவளோட அம்மாவா?" என்றார். நான் பள்ளிச் சீருடையில் இருந்தேன்.

"அக்கா."

"தெரியுது. சும்மா கேட்டேன். வா, எதிர்ல உக்காரு. முட்டியோட முட்டி இடிக்கணும். கூச்சப்படாதே, நானும் பொண்ணுதான்."

அப்படித்தான் அவர் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பார். பெரிய நாற்காலி, விளக்கு, சாய்வு எதுவும் கிடையாது. அம்மாவின் மடியும் டாக்டரின் மடியும் சேர்ந்தால் அதுவே கட்டில். பிள்ளையின் கால் அம்மாவின் பக்கம், தலை டாக்டரின் மடியில். பிள்ளை அழுதாலும் கண்ணைத் திறந்தால் அம்மாவின் முகம் தெரியும். பாப்பாவுக்கு என் முகம் தெரிந்தது. அவள் டாக்டர்க்காவின் விரலை நன்றாகக் கடித்தாள். "கடிடீ கடி. பல்லு இருக்குன்னு நம்பறேன்," என்றார் டாக்டர்க்கா, கையை எடுக்காமல்.

மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் ஈறுக்குப் பக்கத்தில் பழுப்பாகக் குழி விழுந்திருந்தது. நான் அதுவரை அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் தாம்பரத்தில் தையல் கம்பெனியில் வேலை. வந்து படுத்தால் போதும் என்று இருக்கும். பாப்பா சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டேதான் தூங்குவாள். டாக்டர்க்கா அதைக் கேட்டுக்கொண்டார், திட்டவில்லை. பிறகு கேட்டார்: "நீ அவளுக்கு மிட்டாய் குடுக்கறப்ப எப்படிக் குடுப்பே?"

"கடலை மிட்டாய் பெருசா இருக்கும். காக்காய்க் கடி கடிச்சுத்தான்."

"எச்சில் பண்ணியா?"

"இல்ல டாக்டர். துப்பட்டாவால மூடித்தான் கடிச்சேன்."

அவர் சிரித்த சிரிப்பில் பால்வாடிப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஊர் மொத்தமும் இதையேதான் சொல்லுது! துணி வெச்சா எச்சில் இல்லையாம். ஏம்மா, கிருமி என்ன கொசுவா, துப்பட்டா பாத்துட்டுத் திரும்பிப் போறதுக்கு?"

அப்போதுதான் சொன்னார். பிறக்கும் பிள்ளையின் வாயில் பல்லைக் கெடுக்கும் அந்தக் கிருமி இருப்பதில்லையாம். சூடு பார்க்க அம்மா வாயில் வைத்த கரண்டி, அக்கா கடித்துக் கொடுத்த மிட்டாய், இப்படி நம்மிடமிருந்துதான் போகிறதாம். போனபின் சர்க்கரை தின்று பெருகுகிறதாம். நான் பயந்துபோய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். "அய்யோ, அழுதுடாதே. பாசம் காட்டற வாயிலேருந்துதான் அது வரும். கோவக்காரங்க யாரும் கடிச்சுக் குடுக்கறதில்லையே," என்றார்.

அன்று பாப்பாவின் பற்களைப் பஞ்சால் துடைத்து, காயத்துக்குப் போடும் அதே பழுப்பு மருந்தைத் தடவினார். தடவுவதற்கு முன்னால், அந்த மருந்து பட்டு எப்போதாவது தோல் தடித்ததா என்று பால்வாடி டீச்சரையும் என்னையும் மாற்றி மாற்றிக் கேட்டார். அது கிருமியைக் குறைக்கும் என்றார்; அதற்குப் பால்வாடியில் அம்மா முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல பற்களைக் காப்பாற்றத்தான் இது, குழி விழுந்ததற்கு வேறு மருந்து, அதற்கு அம்மா வரவேண்டும் என்றார். "நீ புடிச்சுக்கலாம். ஆனா சரின்னு நீ சொல்ல முடியாது. பெத்தவங்க சொல்லணும்."

அந்த வாக்கியம் இப்போது என்னைத் தூங்க விடுவதில்லை.

அம்மாவுக்கு வார விடுமுறை கிடைத்த நாளில் மூவரும் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர்க்கா எதையும் மறைக்கவில்லை. அதைத்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். ஒரு போட்டோவைக் காட்டினார். ஒரு குழந்தை சிரிக்கிறது, பற்களில் மை பூசினதுபோல் கறுப்பு. "இது வெள்ளி கலந்த மருந்து. குழிக்குள்ள இருக்கற கிருமிய அழிச்சு, சொத்தைய அங்கேயே நிறுத்தும். ஆனா சொத்தை இருக்கற இடம் இப்படிக் கறுத்துரும். வெள்ளையா ஆகாது. பால் பல்லு விழுந்து புதுப் பல்லு வர்ற வரைக்கும் இப்படியேதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

"ஊசி உண்டா டாக்டர்?"

"இல்ல."

"மிசின் வெச்சுக் கொடைவீங்களா?"

"இல்லம்மா. தொட்டுத் தடவறதுதான்."

"ராத்திரி அழாம தூங்குவாளா?"

"பெரும்பாலும் தூங்குவா."

அம்மா பாப்பாவைப் பார்த்தார். பாப்பா செல்வி அக்காவின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "கறுத்தா இன்னா டாக்டர்? இவள இன்னா நாளைக்கே பொண்ணு பாக்க வரப் போறாங்களா? தடவிடுங்க," என்றார் அம்மா. செல்வி அக்கா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். என் அம்மா வெளியாட்கள் முன்னால் அப்படிச் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

மருந்து காயும்வரை பிள்ளை வாயை மூடாமல் இருக்க டாக்டர்க்கா ஒரு வித்தை வைத்திருந்தார். உங்கள் பிள்ளைகளுக்கும் செய்திருப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலைய அறிவிப்புபோல் பேசுவார். "பயணிகளின் கனிவான கவனத்துக்கு! தாம்பரத்துலேருந்து பீச் போற வண்டி கடைவாய்லேருந்து கிளம்புது. அடுத்து சானடோரியம், ஒரு சின்னப் பல்லு. அடுத்து குரோம்பேட்டை, இங்க ஒரு குழி, பாத்து இறங்கவும். பல்லாவரம் வந்தா எல்லாரும் கட்டாயம் பல்லைக் காட்டணும்!" பாப்பா 'ஆ'வென்று திறந்த வாயோடு சிரித்தாள். டாக்டர்க்காவின் கட்டைவிரலில் மருந்து பட்டு, ஓட்டுப் போட்டவர் விரல்போல் கறுத்திருந்தது. உறை போட்டாலும் எப்படியோ பட்டுவிடும் என்று செல்வி அக்கா அலுத்துக்கொள்வார்.

அன்று அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு டாக்டர்க்கா சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "இதோட எல்லாம் சரியாப் பூடுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன்மா. சில பிள்ளைங்களுக்கு நல்லாக் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. கிருமியும் போயிட்டு மறுபடி வரும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும், பாட்டிலை நிறுத்தணும், பல்லு வெளக்கணும். நாங்க பெருசா ஜெயிக்கற கூட்டம் இல்ல, தள்ளிப்போடற கூட்டம். பால் பல்லு தானா விழற வரைக்கும் தள்ளிப்போட்டுட்டா அதுவே பெரிய விஷயம்."

பாப்பா தூங்கினாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து அழுவது நின்றது. அம்மா காலையில் வேலைக்குப் போகும்போது தலை வாரிக்கொண்டு போனார். வீட்டில் ஒரு குழந்தை தூங்கினால் எல்லாருடைய முகமும் மாறுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்பா லாரி ஓட்டுகிறார். போனால் வர நாளாகும். இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் கோபம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வண்டியை விட்டு இறங்கியதும் குளிக்காமல்கூடப் பாப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அந்த முறையும் அப்படித்தான் தூக்கினார். பாப்பா "அப்பா!" என்று வாயெல்லாம் சிரித்தாள். அவர் அவளை அப்படியே இறக்கிவிட்டார்.

"இன்னாடி இது? கொயந்த பல்லுல இன்னாத்துக்கு தாரு பூசி வெச்சுக்கீறீங்க?"

அம்மா பாப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உன்னைத்தான் கேக்கறேன். பொட்டப் புள்ள பல்லு இப்டி ஆயிருக்கு, நீ வூட்ல இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் அம்மா. "அந்த டாக்டரம்மா கேக்காமலே தடவிட்டாங்க."

நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: கேட்காமல் தடவவில்லையே, போட்டோவெல்லாம் காட்டினாரே. "இல்லப்பா, அவங்க கேட்டாங்க. கறுக்கும்னு சொல்லித்தான் செஞ்சாங்க. அம்மா சரின்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன்," என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் கோபம் அடங்கிவிடும் என்று நம்பினேன். அந்தக் கோபம் அப்பாவின் கை வழியாக அம்மா பக்கம் திரும்பியது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

அன்று மாலையே எங்கள் மூவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். அம்மா முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று நான்கு தாய்மார்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். அப்பா போனை எடுத்து வீடியோ ஓட விட்டுக்கொண்டே கத்தினார்.

"யாரைக் கேட்டுமா எம்பொண்ணு பல்லுல கைய வெச்சே? படிச்சா இன்னா வோணாலும் செய்வியா? சொல்லு, யாரைக் கேட்டே?"

செல்வி அக்காவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "யாரைக் கேட்டோமா? இதோ நிக்கறாங்களே உங்க…" என்று ஆரம்பித்தார். டாக்டர்க்கா அம்மாவைப் பார்த்தார். முந்தானையைப் பார்த்தார். முந்தானைக்குக் கீழே வீங்கியிருந்ததையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். எதற்கு அசைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"செல்வி, நீ உள்ள போய்ப் பஞ்சு எடுத்து வை," என்றார். பிறகு அப்பாவிடம், "சார், உங்க வீட்டம்மா மேல ஒண்ணும் இல்ல. நான்தான் சரியா எடுத்துச் சொல்லல. என் தப்பு," என்றார்.

நீங்கள் எல்லோரும் பார்த்த வீடியோ அதுதான். 'என் தப்பு' என்று டாக்டர் சொல்வதோடு அது முடிந்துவிடும். அதற்கு முன்னால் அவர் யாருடைய கன்னத்தைப் பார்த்தார் என்பது அதில் வராது.

அந்த வீடியோ பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், மாடம்பாக்கம் என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போனது. டாக்டர்க்காவைப் பார்த்துச் சிரிக்கும் பாப்பாவின் வாயும் அதில் பெரிதாக இருக்கிறது. பிள்ளைகளின் பல்லில் அமிலம் தடவுகிறார்கள் என்று யாரோ எழுத, யாரோ அதை வேறொருவருக்கு அனுப்பினார்கள். பால்வாடியில் அம்மாக்கள் வந்து சண்டை போட்டார்கள். டீச்சர் டாக்டர்க்காவிடம், "கொஞ்ச நாளைக்கு வராதீங்க மேடம், பேஜாராப் போவுது," என்று சொல்லிவிட்டாராம். பழுப்பு மருந்தும் நின்றது, ரயில் அறிவிப்பும் நின்றது. என் தங்கையோடு சேர்ந்து அந்தப் பால்வாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் நின்றது.

டாக்டர்க்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இந்த அம்மா சரி என்றார், என் உதவியாளர் சாட்சி என்று சொல்லியிருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. உங்களில் சிலர் அவர் இறந்தபிறகும் "நல்ல பொண்ணுதான், ஆனா அந்தக் குழந்தை விஷயத்துல…" என்று இழுத்ததாகச் செல்வி அக்கா அழுதார். அந்தக் குழந்தை விஷயத்தில் நடந்தது இதுதான். அவர் தன் வாழ்க்கையில் நோயாளியைப் பற்றிச் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை என் அம்மாவுக்காகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் டியூஷன் விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். ஸ்கூட்டர் ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் காலால் தள்ளிக்கொண்டே வந்தது.

"பாப்பா எப்படித் தூங்கறா?"

முதல் கேள்வியே அதுதான். வீடியோவைப் பற்றி ஒன்றும் இல்லை. அழுதேன். நான் உண்மையைச் சொன்னதால் அம்மாவுக்கு அடி விழுந்தது, அம்மாவுக்காக நீங்கள் பொய் சொல்லி உங்களுக்குக் கெட்ட பெயர், நான் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் முழுவதையும் கேட்டார்.

"நீ சொன்னது சரிதான். தப்பு உண்மை மேல இல்ல, உன் மேல இல்ல, உங்கம்மா மேலயும் இல்ல. அடிச்ச கை மேலதான். இதை மாத்திப் போட்டுக் கணக்குப் பாக்காதே, புரியுதா?"

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"என் பேரு கெட்டா ரெண்டு வருஷத்துல துடைச்சுக்கலாம்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி நீங்க மூணு பேரும் அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போகணும்?" என்றார். வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். "அம்மாகிட்ட சொல்லு. எங்கயாவது போய்ப் புகார் குடுக்கணும்னா நான் கூட வரேன். அவங்க கேட்டா எந்த நேரமும் வரேன். ஆனா அவங்க கேக்கணும்."

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "உனக்குப் பரீட்சை வருதில்ல, போய்ப் படி," என்றார்.

கிளம்புவதற்கு முன்னால் டாக்டர்க்கா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வாரத்தில் ஒரு நாள் பாப்பாவை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கறுத்த இடம் கல்மாதிரி கெட்டியாக இருந்தால் நல்லது, சொத்தை அங்கே தூங்குகிறது. நல்ல பல்லில் ஈறை ஒட்டிச் சாக்பீஸால் கிழித்ததுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். "அது நல்ல நேரம், தெரியுமா? குழி விழலைன்னு அர்த்தம். அப்பவே மருந்து வெச்சா பல்லு பழையபடி ஆயிரும். வெள்ளைக் கோடு பாத்தியா, ஓடி வா."

"அப்பா விட மாட்டாரே டாக்டர்க்கா."

அவர் எதற்கும் உடனே பதில் சொல்பவர். அன்றைக்கு ஹெல்மெட் பட்டையைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். "அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லடா," என்றார். கிளம்பிவிட்டார்.

அப்பாவுக்கு அவர் இறந்த செய்தி தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ போனில் சொன்னார்கள். "போயிட்டாங்களா? சின்ன வயசாச்சேப்பா," என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு மோர் கேட்டார். அம்மா மோர்ப் பாத்திரத்தை எடுக்கப் போனவர், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் திரும்பவில்லை. நான்தான் மோர் கொண்டுபோய் ஊற்றினேன். அந்த வீடியோ அப்பாவின் போனில் இன்னும் இருக்கிறது.

அப்பா இப்போது பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு செல்பி எடுக்கும்போது, "வாய மூடிச் சிரிம்மா கண்ணு," என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். பாப்பா கற்றுக்கொண்டுவிட்டாள். யாராவது போனை நீட்டினால் உதட்டை இறுக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு சிரிக்கிறாள். பால்வாடியில் சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறாளாம். வலியில்லாத பல்லை அவள் மறைக்கிறாள்.

டாக்டர்க்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று செல்வி அக்கா கடைசியில் எழுதச் சொன்னார். ஒன்றுதான் மிஞ்சியது: பார்க்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நான் அவரைப்போல் ஆவேன் என்றெல்லாம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு அப்பா வருகிறார் என்றால், எதையெல்லாம் பேசக் கூடாது என்று இன்றே பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

இன்று காலை பார்த்தேன். கறுத்த நான்கும் கெட்டியாக இருக்கின்றன. அவர் செய்த வேலை நின்றிருக்கிறது. ஆனால் பக்கத்தில், மேல்வரிசை வலது கோரைப்பல்லில், ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டுப் பார்த்தேன். பாப்பா, "என்னா இருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்றேன். ஓடி வா என்றாரே, எங்கே ஓடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு டாக்டரிடம் போனாலும் முதலில் பெற்றவர்களைத்தான் கேட்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, "அவரு இருக்கறப்ப பேசாதே," என்றார்.

செல்வி அக்கா, இதைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்க வேண்டாம். படித்தால் பெயர் இல்லாவிட்டாலும் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா காதுக்கு அன்றைக்கே போய்விடும். அம்மாக்களின் கையில் மட்டும் கொடுங்கள், படித்ததும் வாங்கிவிடுங்கள். டாக்டர்க்கா அந்த வீடியோவில் சொன்னது பொய் என்று அவர்கள் தெரிந்துகொண்டால் போதும். அவர்கள் பால்வாடிக்குப் போய், மறுபடியும் யாராவது ஒரு டாக்டரை வரவழையுங்கள் என்று கேட்டால், அங்கே வரும் டாக்டர் எல்லாப் பிள்ளைகளின் உதட்டையும் தூக்கிப் பார்ப்பார். எங்கள் பாப்பாவின் உதட்டையும் தூக்குவார். அப்போது அப்பாவைக் கேட்பார்களா, அம்மா சரி என்பாரா, அதெல்லாம் எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கும் உங்களில் ஒரு பல் டாக்டர் இருந்தால், நான் பெயரை எழுதவில்லை, தெருவை எழுதவில்லை. அந்தப் பல்லை மட்டும் எழுதியிருக்கிறேன். இன்னும் குழி விழவில்லை.